ஒளி எங்கே முடிய வேண்டும்? பிக்கப் வண்டிகளின் முகப்பு விளக்கு வரலாறு

'விளங்கு' என்பது தன்வினை. 'விளக்கு' என்பது பிறவினை. தான் ஒளிர்வது விளங்குதல். பிறவற்றை ஒளிரச் செய்வது விளக்குதல். விளக்கு என்னும் பெயர் இந்த இரண்டாவது வினையிலிருந்து பிறந்தது. வண்டியின் முகப்பில் பொருத்தப்படும் விளக்கு இவ்விரு வினைகளையும் ஒருங்கே செய்யக் கடமைப்பட்டது. எதிரே வருபவருக்கு அது விளங்க வேண்டும். ஓட்டுபவருக்குச் சாலையை விளக்க வேண்டும். இவற்றோடு இலக்கணம் சொல்லாத மூன்றாவது கடமை ஒன்றும் அதற்கு உண்டு. எதிரே வருபவரின் கண்ணை அது கெடுக்கக் கூடாது. மோட்டார் வண்டியின் முகப்பு விளக்குக்கு நூற்றிருபது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதனைக் கூர்ந்து நோக்கினால், முதல் இரண்டு கடமைகளும் விரைவிலேயே நிறைவேறிவிட்டதையும், எஞ்சிய காலம் முழுவதும் மூன்றாவது கடமையோடு நடந்த போராட்டமாகவே இருப்பதையும் காணலாம்.

இவ்வரலாற்றை நாம் அமெரிக்கப் பிக்கப் வண்டியின் வழியே பார்க்கவிருக்கிறோம். காரணம் உண்டு. முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சுமைப்பெட்டியும் கொண்ட அவ்வண்டி, காரைவிட உயரமானது. சுமை ஏற்றினால் பின்புறம் தாழ்ந்து முன்புறம் நிமிர்வது. ஆகவே முகப்பு விளக்கின் சிக்கல்கள் அனைத்தும் அதில் பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிகின்றன. மேலும், 2000களில் அந்நாட்டின் வீட்டுக் கொட்டகைகளில் ஒரு புதுவிதக் கைத்தொழில் வளர்ந்தது. தம் பிக்கப்பின் மங்கிய விளக்குக் கூட்டைப் பிளந்து, விலையுயர்ந்த கார்களில் இருந்த 'புரொஜெக்டர்' விளக்கை உள்ளே பொருத்தும் தொழில் அது. இதனை அவர்கள் 'ரெட்ரோஃபிட்' என்றனர். நாம் மறுபொருத்தம் எனலாம். அக்கைத்தொழிலின் பொருளை உணர, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கார்பைட் கல்லின் காலம்

குதிரை வண்டிகளில் இருந்த எண்ணெய் விளக்குகள் பெரும்பாலும் விளங்குவதற்கானவை. குதிரைக்குக் கண் இருந்தது, வேகம் குறைவு. மோட்டார் வண்டி வந்தபோது இரண்டும் மாறின. எந்திரத்திற்குக் கண் இல்லை, வேகமோ அதிகம்.

1892ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் தாமஸ் வில்சன் என்பவர் மின்னுலையில் வேறொரு பொருளைப் பெற முயன்றபோது தற்செயலாகக் கால்சியம் கார்பைடைப் பெற்றார். மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்க வைப்பதற்காக இன்று நம் ஊரில் பழிச்சொல் கேட்கும் அதே கார்பைட் கல்தான். அதன்மேல் நீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு எழும். அவ்வாயு வெண்மையான சுடருடன் எரியும். தொடக்ககால மோட்டார் வண்டிகள் அச்சுடரின் பின்னே ஒரு குழியாடியை வைத்து இரவில் ஓடின. 1904இல் இண்டியானாபோலிஸ் நகரில் கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் அலிசன் முதலியோர் தொடங்கிய பிரெஸ்ட்-ஓ-லைட் நிறுவனம் அசிட்டிலீனை உருளைகளில் அடைத்து விற்றது. கல்லையும் நீரையும் சுமக்கும் தொல்லை அதனால் நீங்கியது. அதில் ஈட்டிய செல்வத்துடன் அவ்விருவரும் வேறு சிலரோடு சேர்ந்து அந்நகரில் கட்டியதுதான் 1909இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற பந்தயத் தடம்.

மின்விளக்கு 1898லேயே கொலம்பியா மின்காரில் விருப்பப் பொருளாக வந்துவிட்டது. ஆயினும் சாலையின் அதிர்வை மின்னிழை தாங்கவில்லை. போதிய மின்சாரம் தரும் சிறிய எந்திரமும் இல்லை. 1912இல் கேடிலாக் நிறுவனம் எந்திரத்தைத் தொடக்கவும் விளக்கை எரிக்கவும் ஒரே மின்னமைப்பைக் கொண்டுவந்த பின்னரே மின்விளக்கு நிலைபெற்றது. எளியோரின் வண்டியான ஃபோர்டு 'மாடல் டி' 1915இல் மின்விளக்குக்கு மாறியது. அதன் மின்சாரமோ எந்திரத்தின் சுழற்சியோடு பிணைந்த காந்தத்திலிருந்து வந்தது. வண்டி விரைந்தால் ஒளி பெருகும்; மெதுவானால் மங்கும். பள்ளமும் திருப்பமுமாக அச்சமூட்டும் இடத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். ஒளி மிகத் தேவைப்படும் அந்த நொடியில்தான் விளக்கு மங்கும்.

1925 ஏப்ரல் மாதம் ஃபோர்டு நிறுவனம் அதே மாடல் டி வண்டியின் பின்னே ஒரு சிறு சுமைப்பெட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலையில் விற்கத் தொடங்கியது. ஃபோர்டு ஆலையிலிருந்து முழுமையாகவே வெளிவந்த முதல் பிக்கப் அது. அதற்கு முன்னரே பல உழவர்கள் காரின் பின்புறத்தைத் தாமே அறுத்துப் பெட்டி பொருத்திக்கொண்டிருந்தனர். எனவே பிக்கப் வண்டி பிறக்கும்போதே ஒரு மறுபொருத்தமாகத்தான் பிறந்தது எனலாம்.

கண்முன் விழும் திரை

வண்டிகள் பெருகிய பின், இரவுச் சாலையில் ஒருவர் மட்டும் செல்லும் நிலை மாறியது. எதிரெதிரே வரும் இரண்டு விளக்குகள் சந்திக்கத் தொடங்கின. அப்போது எழுந்த இடர்ப்பாடு வெறும் எரிச்சலன்று. அது கண்ணின் அமைப்பிலேயே வேரூன்றியது. கண்ணுக்குள் புகும் ஒளி முழுவதும் நேராக விழித்திரையில் உரிய இடத்தில் விழுவதில்லை. கருவிழியிலும் கண்வில்லையிலும் பட்டு ஒரு பகுதி சிதறுகிறது. சிதறிய ஒளி, மெல்லிய வெண்துணியை விரித்தாற்போல், பார்க்க வேண்டிய காட்சியின் மேல் படர்கிறது. 1926இல் ஹாலடே என்னும் அமெரிக்க ஆய்வாளர் இத்திரைக்கு ஓர் அளவைக் கணக்கிட்டார். கூசும் ஒளியின் அளவு கூடக் கூடத் திரையும் அதே விகிதத்தில் தடிக்கும். அவ்வொளிக்கும் நாம் பார்க்கும் திசைக்கும் இடையே உள்ள கோணம் பாதியாகக் குறைந்தால், திரை ஏறத்தாழ நான்கு மடங்காகும். வயது ஏற ஏறக் கண்வில்லை கலங்குவதால் முதியோருக்கு இத்திரை மேலும் தடிப்பானது. எதிரே வரும் விளக்கைத் தாண்டி நிற்கும் மனிதர், இல்லாமற் போவதில்லை. திரைக்குப் பின்னே மறைந்துவிடுகிறார்.

தீர்வு, விளக்குக்கு இரு நிலைகள் தருவதாக இருந்தது. நம் ஓட்டுநர்கள் 'டிம்', 'பிரைட்' என்று வழங்கும் தாழ்கதிரும் உயர்கதிரும் அவை. 1917இல் கேடிலாக் வண்டியில் ஒரு நெம்புகோலை இழுத்தால் விளக்கு கீழ்நோக்கித் தாழ்ந்தது. 1924இல் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் ஒரே பல்பில் இரு மின்னிழைகளை வைத்து 'பைலக்ஸ்' என்று பெயரிட்டது. அதன் தாழ்கதிர் இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருந்தது. குழியாடியின் கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாதவாறு அது தடுத்தது. கீழ்ப்பாதியில் பட்டு மேலே எழும் கதிர்கள்தாம் எதிரே வருபவரின் கண்ணைத் தாக்குபவை. ஒளியைக் கூட்டுவதற்காக அன்றி, நிறுத்துவதற்காக ஒரு பொருள் விளக்குக்குள் புகுந்தது. சின்னஞ்சிறு தகடுதான், ஆனால் பின்னாளைய புரொஜெக்டர் விளக்கின் வித்து அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1927 முதல் டிம்-பிரைட் மாற்றும் விசை ஓட்டுநரின் இடக்காலருகே தரையில் அமைந்தது. கார்கள் அதைக் கைவிட்ட பின்னரும் பிக்கப்புகள் நெடுங்காலம் விடவில்லை. ஃபோர்டின் எஃப் வரிசைப் பிக்கப்புகளில் 1991 வரை அது இருந்தது.

கூச்சத்துக்கு அஞ்சி ஒளியையே ஒடுக்கினால் என்னாகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பிரிட்டனில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி முகப்பு விளக்குகளுக்கு முகமூடி இடப்பட்டது. சிறு கீறல்கள் வழியே மட்டும் ஒளி கசிந்தது. 1938இல் அந்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 6,648 பேர். 1941இல் அத்தொகை 9,169 ஆயிற்று. பெட்ரோல் பங்கீட்டால் வண்டிகள் குறைந்திருந்தும் இந்நிலை. மிகை ஒளியும் கொல்லும்; இருளும் கொல்லும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தேவைப்பட்டது.

இரண்டு மரபுகள்

1940ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அமெரிக்கா ஒரு தனிவழியைத் தேர்ந்தது. மின்னிழை, குழியாடி, முன்கண்ணாடி மூன்றையும் ஒரே கண்ணாடிக் குடுவையாக உருக்கி மூடிய 'சீல்டு பீம்' விளக்கு கட்டாயமாயிற்று. 7 அங்குல விட்டம், வட்ட வடிவம், எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் இதே இரண்டு விளக்குகள். பின்னர் 1950களின் இறுதியில் நான்கு சிறு விளக்குகளும், 1970களின் நடுவில் செவ்வக வடிவமும் இடம்பெற்றன. இம்மரபை இன்று பலர் எள்ளி நகையாடுவதுண்டு. ஆயினும் அதில் ஓர் எளியோர் நலன் இருந்ததை மறுக்க முடியாது. நாட்டின் எந்த மூலையில் விளக்கு பழுதானாலும் மலிவாக ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். பொருத்தியதும் ஆடியும் கண்ணாடியும் புத்தம் புதியவையாகிவிடும்.

ஐரோப்பா வேறு வழியில் நடந்தது. அங்கே பல்பைத் தனியே மாற்றலாம். 1962இல் ஹாலஜன் பல்பு வந்தது. தாழ்கதிரின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையாக இருந்தது. எதிரே வருபவரின் பக்கம் தாழ்ந்தும், நடைபாதையின் பக்கம் சற்று உயர்ந்தும் அக்கோடு அமைந்தது. அமெரிக்கத் தாழ்கதிரில் இத்தகைய கூர்ங்கோடு இல்லை. மேலே தொங்கும் வழிகாட்டிப் பலகைகளை ஒளிரச் செய்யவும் கொஞ்சம் ஒளி வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஐரோப்பியர் எதிரே வருபவரின் கண்ணை முதலில் எண்ணினர். அமெரிக்கர் ஓட்டுபவரின் பார்வைத் தொலைவை முதலில் எண்ணினர். இரண்டும் நியாயமே. பிரான்ஸ் இன்னும் ஒருபடி சென்று, 1936இல் இயற்றிய சட்டத்தால் முகப்பு விளக்குகள் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்றது; 1993இல்தான் அவ்வழக்கம் முடிவுக்கு வந்தது.

1983இல் ஃபோர்டின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்கா சீல்டு பீம் கட்டாயத்தைத் தளர்த்தியது. விளக்கு இனி எவ்வடிவிலும் இருக்கலாம். முன்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆகலாம். அழகு கூடியது. கூடவே ஒரு நோயும் வந்தது. வெயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பிளாஸ்டிக் மஞ்சளித்து, கண்புரை போல் மங்கியது. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2018இல் வெளியிட்ட சோதனையின்படி, அவ்வாறு பழுத்த விளக்குகள் புதிய விளக்கு தரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கையே தந்தன. சீல்டு பீம் காலத்தில் பல்பை மாற்றினால் அனைத்தும் புதிதாகும். இப்போதோ கூடு முழுவதையும் மாற்ற வேண்டும். அதன் விலையோ பன்மடங்கு. மறுபொருத்தம் செய்வோரின் மனக்குறை இங்கேதான் முளைத்தது.

திரைப்படக் கருவியின் உறவினர்

புரொஜெக்டர் விளக்கு என்பது எது? பெயரே விடை தருகிறது. திரையரங்கின் புரொஜெக்டரில் ஒரு விளக்கு, அதன்முன் படச்சுருள், அதன்முன் ஒரு குவிலென்ஸ் இருக்கும். படச்சுருளில் உள்ளது தலைகீழாகித் திரையில் விழும். முகப்பு விளக்கிலும் இதே அமைப்புத்தான். நீள்வட்ட வடிவக் குழியாடியின் ஒரு குவியத்தில் ஒளிமூலம் இருக்கிறது. அதன் ஒளி முழுவதும் மற்றொரு குவியத்தில் வந்து கூடுகிறது. கூடும் அவ்விடத்தில், படச்சுருளுக்குப் பதிலாக, ஒரு மறைப்புத் தகடு நிற்கிறது. தகடு ஒளியின் கீழ்ப்பகுதியை மறைக்கிறது. முன்னே உள்ள லென்ஸ் அதைத் தலைகீழாக்கிச் சாலையில் வீழ்த்துகிறது. ஆகவே மேலே இருளும் கீழே ஒளியும் நடுவே ஒரு கூர்ங்கோடும் உண்டாகின்றன. நாம் சாலையில் காணும் அக்கோடு, உண்மையில் ஒரு தகட்டின் விளிம்பினுடைய நிழற்படம்.

நம் ஊர் வண்டிகளின் முகப்பு விளக்குகளில் மேற்பகுதிக்குக் கறுப்பு மை பூசுவதும், கறுப்பு ஒட்டி ஒட்டுவதும் நெடுநாள் வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவர். நோக்கம் அதே நோக்கந்தான். மேலே செல்லும் ஒளியைத் தடுப்பது. ஆனால் மை பூசிய கண்ணாடியில் குவியம் இல்லை. அந்த மையின் உருவம் சாலையில் எங்கும் விழாது. ஒளி மொத்தத்தில் குறையுமேயன்றி, எல்லை பிறக்காது. புரொஜெக்டரில் தகடு சரியான இடத்தில் நிற்பதால் கோடு பிறக்கிறது. எண்ணம் ஒன்றானாலும் தகடு நிற்கும் இடம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

1986இல் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் 7 வரிசைக் கார் இவ்விளக்கைப் பெரும் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1991இல் அதே வரிசையில் மற்றொரு புதுமை சேர்ந்தது. மின்னிழை நீக்கப்பட்டு, செனான் வாயு நிரம்பிய சிறு குமிழினுள் இரு மின்முனைகளுக்கிடையே மின்வில் எரிந்தது. தொடக்கத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அதிர்ச்சி கொடுத்து அதை ஏற்ற வேண்டும். பின்னர் 35 வாட் போதும். ஒளியோ ஏறத்தாழ 3,200 லூமென். 55 வாட் ஹாலஜன் தாழ்கதிர் தருவது சுமார் 1,000 லூமென் என்பதோடு ஒப்பிட்டால் இதன் பாய்ச்சல் விளங்கும். மறைப்புத் தகட்டை ஒரு மின்காந்தத்தால் கீழே சாய்த்து, அதே விளக்கையே உயர்கதிராகவும் மாற்றும் அமைப்பும் 1990களின் இறுதியில் வந்தது.

பல்பை மட்டும் மாற்றியவர்கள்

விலையுயர்ந்த காரின் வெண்ணொளி பிக்கப் உரிமையாளரின் கண்ணில் பட்டது. சந்தை உடனே ஒரு குறுக்குவழி தந்தது. மின்வில் பல்பும் அதை இயக்கும் பாலாஸ்ட் கருவியும் சேர்ந்த ஒரு பெட்டி. பழைய பல்பைக் கழற்றி இதைச் செருகினால் போதும் என்றார்கள். அரை மணி நேர வேலை.

இதில் உள்ள பிழை நுட்பமானது. பழைய விளக்கின் குழியாடி, ஒரு மின்னிழையின் நீளம், பருமன், இருப்பிடம் ஆகியவற்றை மில்லிமீட்டர் அளவில் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. மின்வில் நேரானதன்று, சற்று மேல்நோக்கி வளைந்தது, இரு முனைகளிலும் மிகுந்து ஒளிர்வது. மின்னிழைக்கென வளைத்த ஆடிக்கு அது அயலார். ஒளி மும்மடங்காகப் பெருகுகிறது. ஆனால் செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்வதில்லை. வண்டியின் காலடியில் கொஞ்சம், மரக்கிளைகளில் கொஞ்சம், எதிரே வருபவரின் விழியில் மிகுதி. ஓட்டுநருக்கோ சாலை பளிச்சென்று தெரிவதாகத் தோன்றும். அருகில் உள்ள தரை மிகையாக ஒளிர்வதால் அவரது கண்மணி சுருங்கி, தொலைவில் உள்ளது முன்பைவிட மங்குவதை அவர் உணர்வதில்லை. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், இத்தகைய பெட்டிகள் அந்நாட்டின் முகப்பு விளக்குத் தரமான 108ஆம் விதிக்கு இணங்கும் வகையில் அமையவே முடியாது என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. 2001இல் அந்நிர்வாகம் விளக்குக் கூச்சம் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது 4,000க்கும் மேற்பட்ட மடல்கள் குவிந்தன. வறண்ட தொழில்நுட்ப விதி ஒன்றுக்கு இத்தனை மடல்கள் வருவது அரிது.

கூட்டைப் பிளந்தவர்கள்

இந்தக் குறுக்குவழியை ஏற்காதவர்களே மறுபொருத்தக்காரர்கள். ஒளியை மாற்றினால் ஒளியை அடக்கும் உறுப்பையும் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. விபத்தில் சிதைந்த அக்யூரா டி.எஸ்.எக்ஸ், ஹோண்டா எஸ்2000, இன்ஃபினிட்டி எஃப்.எக்ஸ்35 போன்ற கார்களின் புரொஜெக்டர்களைக் காயலான் கடைகளில் தேடி வாங்கினார்கள். பின்னர், பல்பு செருகும் துளையின் வழியாகவே திருகிப் பொருத்தத்தக்க சிறு புரொஜெக்டர்கள் விற்பனைக்கு வந்தன.

2005 முதல் 2011 வரை வந்த டொயோட்டா டகோமா பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 'எச்4' எனும் இரட்டை இழைப் பல்பும், வெறும் குழியாடியும் இருந்தன. பொருத்துபவர் முதலில் முகப்பைக் கழற்றி விளக்குக் கூட்டை வெளியே எடுக்கிறார். முன்கண்ணாடி, பியூட்டைல் என்னும் கறுப்புப் பிசினால் கூட்டோடு ஒட்டப்பட்டிருக்கிறது. வீட்டுச் சமையலறை அடுப்பறையில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் வைத்தால் பிசின் இளகுகிறது. இரு கைகளாலும் மெல்லப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் முறியும். பின்னர் புரொஜெக்டரின் திருகுவாலைப் பழைய பல்புத் துளையில் நுழைத்துப் பின்புறம் மரையால் இறுக்குகிறார்.

இனித்தான் முக்கியமான வேலை. 25 அடி தொலைவில் ஒரு சுவர், சமதளம், இருள். விளக்கை ஏற்றினால் சுவரில் கோடு விழும். புரொஜெக்டரைச் சற்றே சுழற்றி அக்கோட்டைக் கிடைமட்டமாக்க வேண்டும். இடப்புறக் கோடும் வலப்புறக் கோடும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் படியும் நடைபாதைப் பக்கமே இருக்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பிறகே மரையை முற்றிலும் இறுக்கி, கூட்டை மீண்டும் சுடவைத்து ஒட்டுகிறார்கள். நீர் புகாதபடி ஒட்டுவது தனிக்கலை.

இக்கைத்தொழிலிலும் தற்பெருமை நுழையாமலில்லை. மின்வில் பல்புகளில் 4,300 கெல்வின் நிறத்தில் எரிபவையே மிகுந்த ஒளி தருபவை. ஆயினும் நீலம் கலந்த 8,000 கெல்வின் பல்பைக் கேட்டு வாங்கியவர் பலர். அதில் ஒளி குறைவு, பகட்டு மிகுதி. வண்டி நிறுவனங்கள் கோட்டின் விளிம்பு மேடுபள்ளங்களில் வெட்டி வெட்டித் தெரியாதிருக்க லென்ஸின் மேல் நுண்ணிய சொரசொரப்பு இட்டு அதனைச் சற்றுக் குழைத்திருந்தன. சிலர் அந்த லென்ஸையும் நீக்கித் தெள்ளிய லென்ஸைப் பொருத்தினர். கோட்டின் விளிம்பில் வானவில்லின் நீலக்கீற்று தெரிவதைப் புகைப்படம் எடுத்து மகிழ்ந்தனர்.

சுமை ஏற்றிய வண்டி

கூர்மையான கோடு அமைந்துவிட்டால் கடமை முடிந்ததா? பிக்கப் வண்டியில் முடிவதில்லை. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், கோடு நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வில் தாழ்வதாகவும் கொள்வோம். 90 மீட்டர் தொலைவில் கோடு தரையைத் தொடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்று நொடிகளுக்குச் சற்று மிகுந்த தூரம். இப்போது சுமைப்பெட்டியில் செங்கல் ஏற்றுகிறோம். பின்புறம் 10 சென்டிமீட்டர் தாழ்கிறது. முன்பின் அச்சுகளுக்கிடையே 3.7 மீட்டர் இருப்பின், வண்டி நூற்றுக்கு 2.7 என்ற அளவில் நிமிர்கிறது. தாழ்ந்து சென்ற கோடு இப்போது மேல்நோக்கிச் செல்கிறது. 30 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். சாதாரணக் காரில் அமர்ந்திருப்பவரின் கண், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றே மேலேதான் இருக்கிறது. சுவரின் முன் மணிக்கணக்கில் நின்று நேர்செய்த கோடு, ஒரு சுமைச் செங்கலால் பொருளற்றதாகிறது.

ஐரோப்பிய விதிகள் இதை முன்னரே எண்ணின. தாழ்கதிரின் ஒளிமூலம் 2,000 லூமெனைத் தாண்டினால், சுமைக்கேற்ப விளக்கைத் தானே தாழ்த்தும் அமைப்பு கட்டாயம் என்றன. தாழ்கதிர் விளக்கின் உயரத்துக்கு அங்கே 1.2 மீட்டர் மேல்வரம்பு. அமெரிக்காவில் அவ்வமைப்புக் கட்டாயமில்லை. உயரத்தின் வரம்போ 54 அங்குலம், அதாவது 1.37 மீட்டர். ஸ்பிரிங்குகளை உயர்த்தி, பெரிய சக்கரம் மாட்டும் பிக்கப் பிரியர்களின் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். ஆகவே நேர்மையான மறுபொருத்தக்காரர் சுமை ஏற்றும் ஒவ்வொரு முறையும் திருகாணியைத் தேட வேண்டியவராகிறார்.

சட்டத்தின் கண்ணில் அவர் நிலை விந்தையானது. மஞ்சளித்து மங்கிய பழைய விளக்கு, தரச்சான்று பெற்றது. அவர் செய்த கூர்மையான விளக்குக்குச் சான்று இல்லை. கூட்டைப் பிளந்த கணமே பழைய சான்று பொருளிழந்தது. நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது நடுவண் விதி. உரிமையாளர் செய்யும் மாற்றத்தைக் கேட்பது அந்தந்த மாநிலச் சட்டம். இவ்விரண்டுக்கும் இடையே, சான்றுள்ள மங்கலும் சான்றற்ற தெளிவும் ஒரே சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நிறுவனங்களும் குற்றமற்றவையல்ல. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் என்னும் அமெரிக்க அமைப்பு 2016இல் முகப்பு விளக்குகளுக்கு மதிப்பெண் இடத் தொடங்கியது. அவ்வாண்டு அது சோதித்த 11 பிக்கப் மாதிரிகளில் 'நன்று' என்ற தகுதியைப் பெற்றது ஹோண்டா ரிட்ஜ்லைன் ஒன்றுதான். அதுவும் அவ்வண்டியின் விலை மிகுந்த வகைகளில் மட்டும். 'நன்று' பெற்ற விளக்குள்ள வண்டிகள், 'மோசம்' எனப்பட்ட விளக்குள்ள வண்டிகளைவிட இரவில் தனித்து மோதும் விபத்துகளில் 19 விழுக்காடும், நடந்து செல்வோர் மீது மோதுவதில் 23 விழுக்காடும் குறைவாகச் சிக்குகின்றன என்று 2021இல் அவ்வமைப்பின் ஆய்வு கூறியது. கவனிக்க வேண்டியது யாதெனில், அந்த மதிப்பெண் முறையில் சாலையைத் தொலைவுவரை காட்டினால் மட்டும் போதாது. எதிரே வருபவரைக் கூசவைத்தால் மதிப்பெண் குறையும். நல்ல விளக்கு என்பதன் இலக்கணத்திலேயே எதிரே வருபவரும் சேர்ந்துவிட்டார்.

2022 பிப்ரவரியில், டொயோட்டா 2013இல் விடுத்த வேண்டுகோளின் தொடர்ச்சியாக, அமெரிக்கா தகவமைக் கதிர் விளக்குகளுக்கு இசைவளித்தது. எதிரே வரும் வண்டியைக் கேமரா கண்டறிந்து, அவ்வண்டி இருக்கும் இடத்தை மட்டும் இருளாக்கி, சுற்றிலும் உயர்கதிரை நிறுத்தும் விளக்கு அது. ஒரே நிலையில் நின்ற தகட்டின் கோடு இப்போது நொடிதோறும் வளைந்து நகர்கிறது. ஐரோப்பாவில் இது முன்னரே நடைமுறையில் இருந்தது.

ஆயினும் அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 12 ஆண்டுகளைத் தாண்டியது. பிக்கப்புகள் உழைக்கும் வண்டிகள். எளிதில் ஓய்வு பெறுவதில்லை. கேமராவும் கணிப்பொறியும் இல்லாத பல இலட்சம் பழைய முகப்புகள் இன்னும் நெடுங்காலம் இரவில் எதிரெதிரே வரும். இன்றைய எல்.இ.டி. பல்புகள் கார்பைட் கல்லைப் போலவே எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பழைய குழியாடியில் செருகும் குறுக்குவழியும் ஓயவில்லை. ஒளியை மூன்று மடங்காக்கச் சில நிமிடங்கள் போதும். அதை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்கோ ஓர் இரவும், ஒரு சுவரும், 25 அடி இடைவெளியும் வேண்டியிருக்கின்றன. அவ்வுழைப்பின் பயனில் ஒரு பாதி, எதிர்த் திசையில் கடந்து செல்லும் முகமறியாத ஒருவருக்குச் சேர்கிறது. தமக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்பதைக்கூட அறியாமல் அவர் கடந்து போவார்.